முந்தின மாதத்துக் கணக்கு எங்கே?

இருபத்திரண்டு பேரா, பதினெட்டுப் பேரா

சம்பளம் போட்ட மறுநாள் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் காரியாலய வாசலில் நின்று பார்த்தால் இப்படியொரு பேச்சு காதில் விழும்.

"கிளாக்கரையா, போன மாசம் இருவத்திரெண்டு பேரு செஞ்சேன். பதினெட்டுதான் விழுந்திருக்கு."

"இரும்மா, பாக்குறேன்."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்த நாளுக்கு அரைப்பேர். அந்த அரைப்பேரின் நியாயம் தனிப் புத்தகத்துக்குரிய சண்டை. இங்கே அதற்குள் போகவில்லை. கிளாக்கர் செக்ரோலை, அதாவது பேர் எழுதும் புத்தகத்தை, பின்னுக்குப் புரட்டுகிறார். போன மாதத்துப் பக்கம் இருக்கிறது, அதற்கு முந்தின மாதத்துப் பக்கமும் இருக்கிறது. இந்த மாதக் கணக்கை எழுதுவதற்காகப் போன மாதப் பக்கத்தை யாரும் அழித்துவிடவில்லை. முறைப்பாடு ஏற்கப்படுமா என்பது வேறு விடயம், பார்ப்பதற்குப் பக்கமாவது இருக்கிறது.

இப்போது அதே தொழிலாளி பதுளைக்கு பஸ் ஏறி வங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒரே ஒரு மீதித் தொகை தெரிகிறது. நேற்று அந்த இடத்தில் வேறொரு தொகை இருந்தது. இரவோடு இரவாகக் கணினி கணக்குப் பார்த்துத் தொகையை மாற்றிவிட்டது. நேற்றைய தொகை எங்கே போனது? அழிந்துவிட்டதென்றால், கணினி இரவில் தவறு செய்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அழியவில்லையென்றால், இலட்சக்கணக்கான கோப்புகளுக்குள் 'நேற்றையது' எதுவென்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் கோடிக்கணக்கான கணக்குகளை ஒன்றாகப் பார்ப்பதற்கு வைத்திருக்கும் பெரிய இயந்திரத்துக்கு மெயின்பிரேம் என்று பெயர், பெருங்கணினி என்போம். இந்தக் கேள்விகளுக்கான பதில் அந்த உலகத்தில் அறுபது வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது, இன்றும் பெரும்பாலும் அதே பதில்தான்.

மேலே எழுதாதே, பக்கத்தில் எழுது

1950களில் கணினிகள் தகவலைக் காந்த நாடாக்களில் வைத்தன. அரை அங்குல அகல நாடா, ஒரு சுருளில் 2,400 அடி. நாடாவில் ஒரு தொந்தரவு உண்டு. நடுவில் இருக்கும் ஒருவருடைய கணக்கை மட்டும் தொட்டுத் திருத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது. முதலிலிருந்து கடைசிவரை ஓட்டித்தான் ஆகவேண்டும்.

அதனால் வேலை இப்படி நடந்தது. பழைய கணக்கு நாடா ஒரு பெட்டியில் சுழலும். அன்றைய வரவுசெலவு நாடா இன்னொன்றில் சுழலும். கணினி இரண்டையும் படித்துக் கூட்டிக் கழித்து, மூன்றாவது பெட்டியிலுள்ள வெற்று நாடாவில் புதிய கணக்கை எழுதும். வேலை முடிந்தபின் பழைய நாடா பழையபடியே இருக்கும். யாரும் காப்பாற்றி வைக்கவேண்டும் என்று நினைத்து வைத்ததல்ல அது; வேலை நடந்த விதத்தில் தானாகவே மிஞ்சியது.

புதிய நாடாவுக்கு மகன் என்று பெயர். எதிலிருந்து அது பிறந்ததோ அது அப்பா. அதற்கும் முந்தியது தாத்தா. ஆங்கிலக் கணினிக்காரர்களே வைத்த பெயர்கள்தான் இவை. வழக்கமாக மூன்று தலைமுறை வைத்திருப்பார்கள். மகன் பழுதானால், அப்பாவையும் அன்றைய வரவுசெலவையும் வைத்து மகனை மறுபடி உண்டாக்கலாம். அப்பாவும் போனால் தாத்தாவிலிருந்து தொடங்கலாம். அவசரத்தில் யாராவது அப்பா நாடாவின் மேலேயே எழுதிவிடாமலிருக்க ஒரு பூட்டும் இருந்தது: சுருளின் பின்பக்கத்துப் பள்ளத்தில் பொருந்தும் ஒரு பிளாஸ்டிக் வளையம். வளையம் இருந்தால்தான் இயந்திரம் எழுதும். கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும். கணினி வரலாற்றில் இவ்வளவு மலிவான, இவ்வளவு உறுதியான பாதுகாப்பு வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெயர் வைக்கும் தொல்லை

நாடா மூன்றே என்றால் மேலே பேனாவால் எழுதி ஒட்டிவிடலாம். ஆயிரம் கோப்பு, ஒவ்வொன்றுக்கும் முப்பது தலைமுறை என்றால்?

முதலில் தோன்றும் யோசனை, பெயருக்குள் திகதியைச் சேர்ப்பது. இன்றைக்கும் நம் கைப்பேசியிலும் கணினியிலும் நாம் செய்வது அதுதான். 'கணக்கு-மார்ச்', 'கணக்கு-மார்ச்-புதியது', 'கணக்கு-மார்ச்-கடைசி', 'கணக்கு-மார்ச்-உண்மையான-கடைசி'. பெருங்கணினியில் இது நடக்காது. இரவு வேலைக்கான கட்டளைகள் ஒருமுறை எழுதப்பட்டு, வருடக்கணக்கில் எழுத்து மாறாமல் ஓடவேண்டியவை. கோப்பின் பெயர் தினமும் மாறினால் கட்டளையையும் தினமும் யாராவது திருத்தவேண்டும். திருத்துகிற கை என்றாவது ஒருநாள் தவறும்.

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதற்கென்று எழுதப்பட்ட ஓஎஸ்/360 என்ற இயக்க மென்பொருளில் இதற்கொரு வழி வந்தது. அதைத் தலைமுறைத் தொகுதி என்போம். சென்னை ஐஐடியில் 1973இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 அந்த வரிசைக்கு அடுத்து வந்த பரம்பரை. இன்றைக்குச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்களில் அமெரிக்க வங்கிகளின் இரவு வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தமிழ் இளைஞர்களும் அதே வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வழி இது. குடும்பத்துக்கு ஒரு பொதுப்பெயர் உண்டு. அதன்கீழ் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு அடையாளங்கள். ஒன்று நிலை எண்: பிறக்கும்போது ஒட்டப்படுவது, பிறகு மாறாது. ஜி0041வி00 என்பதுபோல் இருக்கும். 'ஜி'க்குப் பின்னுள்ள நான்கு இலக்கம் எத்தனையாவது தலைமுறை என்பதைச் சொல்லும். 'வி'க்குப் பின்னுள்ள இரண்டு இலக்கம் அதே தலைமுறையின் எத்தனையாவது திருத்தம் என்பதைச் சொல்லும். மற்றது சார்பு எண்: இன்றைக்கு நின்று பார்க்கும்போது அது எத்தனை படி பின்னால் இருக்கிறது என்பது. இப்போது நடப்பில் உள்ளது (0). அதற்கு முந்தியது (-1). அதற்கும் முந்தியது (-2). இனிப் பிறக்கப்போவது (+1).

இரவு வேலைக்கான கட்டளையில் சார்பு எண் மட்டும்தான் இருக்கும்: '(0)ஐ எடு, வரவுசெலவைச் சேர், (+1)ஐ உண்டாக்கு.' நூறு வருடம் ஓடினாலும் இந்த வரியில் ஓர் எழுத்தையும் மாற்றவேண்டியதில்லை. அன்றைக்கு (0) என்பது எந்த நிலை எண், அது எந்த நாடாவில் அல்லது எந்தக் காந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக் கணினியின் பதிவேடு பார்த்துச் சொல்லிவிடும்.

ஒரு சேமலாபக் கணக்கு, நான்கு மாதம்

கணக்கொன்றைப் போட்டுப் பார்த்தால்தான் இது விளங்கும். ஊழியர் சேமலாப நிதி இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 8 வீதம், தொழில்தருநர் பங்கு 12 வீதம். சேர்த்து 20 வீதம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளமான 1,350 ரூபாவை எடுத்துக்கொள்வோம். வட்டியை விட்டுவிடுவோம். இனி வருவது முழுக்க ஒரு கற்பனைக் கணக்கு, ஒரு கற்பனைப் பெருங்கணினியில்.

ஜனவரி முடிவில் நம் தொழிலாளியின் மீதி 310,000 ரூபா. அந்த மாதக் கோப்பு ஜி0041வி00.

பெப்ரவரியில் 20 பேர். சம்பளம் 27,000, சேமலாபம் 5,400. மீதி 315,400. கோப்பு ஜி0042வி00.

மார்ச்சில் 22 பேர். 29,700 ரூபாவுக்கு 5,940 சேரவேண்டும். ஆனால் யாரோ 18 பேர் என்று தட்டிவிட்டார்கள். 24,300க்கு 4,860தான் சேர்ந்தது. மீதி 320,260. கோப்பு ஜி0043வி00.

ஏப்ரலில் மறுபடி 20 பேர், 5,400. மீதி 325,660. கோப்பு ஜி0044வி00.

மே மாத நடுவில் தொழிலாளி வந்து, கணக்கில் ஏதோ குறைகிறது என்கிறார். எந்த மாதத்தில் என்று அவருக்கு நிச்சயமில்லை. திரையில் தெரிவது 325,660 மட்டும். அந்த ஒரு எண்ணை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தவறு எங்கே நுழைந்தது என்று தெரியாது. தவறு அந்த எண்ணுக்குள் கரைந்துபோயிருக்கிறது.

இங்கேதான் பழைய தலைமுறைகள் வேலைக்கு வருகின்றன. (0)இலிருந்து (-1)ஐக் கழிக்கிறோம்: 325,660 கழித்தல் 320,260, அதாவது 5,400. இருபது பேருக்குச் சரி. (-1)இலிருந்து (-2)ஐக் கழிக்கிறோம்: 320,260 கழித்தல் 315,400, அதாவது 4,860. பதினெட்டுப் பேர்! செக்ரோலில் மார்ச்சுக்கு 22. தவறு அகப்பட்டது. குறைந்தது நான்கு நாள் சம்பளமான 5,400இல் 20 வீதம், 1,080 ரூபா.

அலுவலர் ஒரு துண்டில் '(-1)ஐப் பார்க்கவும், பிழை' என்று எழுதி மேலதிகாரி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். துண்டு இரண்டு கிழமை அங்கேயே கிடக்கிறது. அதற்குள் மே மாதக் கணக்கு ஓடி ஜி0045வி00 பிறந்துவிடுகிறது. இப்போது அதுதான் (0). ஏப்ரல் (-1) ஆகிவிட்டது, மார்ச் (-2)க்குத் தள்ளப்பட்டுவிட்டது. மேலதிகாரி துண்டை நம்பி (-1)ஐத் திறக்கிறார். அது ஏப்ரல். இருபது பேர், 5,400, எல்லாம் சரி. 'முறைப்பாட்டில் உண்மையில்லை' என்று எழுதி முடித்துவிடுகிறார். இந்தக் கதையில் கணினி எங்கேயும் தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். துண்டில் ஜி0043 என்று எழுதியிருந்தால் இரண்டு கிழமையல்ல, இரண்டு வருடம் கழித்துத் திறந்தாலும் அதே மார்ச்தான் வந்திருக்கும்.

தினசரி ஓட்டத்துக்குச் சார்பு எண், சண்டைக்கும் சாட்சிக்கும் நிலை எண். இந்த ஒரு பிரிவினையைப் பிடித்துக்கொண்டவருக்கு இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்துவிட்டது.

சரி, பிழையைத் திருத்துவது எப்படி? ஒரு வழி, ஜூன் மாத வரவில் 1,080ஐத் திருத்தப் பதிவாகச் சேர்ப்பது. கணக்காளர்களுக்குப் பிடித்தது இது, பழைய பக்கத்தைத் தொடவேண்டியதில்லை. இன்னொரு வழி, ஜி0042இலிருந்து தொடங்கி மார்ச்சைச் சரியான தாளோடு மறுபடி ஓட்டி, அதை ஜி0043வி01 என்று வைப்பது. 'வி' மாறுவதால் தலைமுறை எண்ணிக்கை நகராது. மார்ச்சின் இடத்தில் புதிய மார்ச் உட்காரும், பதிவேட்டில் பழைய மார்ச் விலகும். இந்த 'வி' எண்ணைக் கணினி தானாக ஏற்றாது, மனிதர்தான் கேட்கவேண்டும். இந்த வழி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஏப்ரல் பழைய மார்ச்சிலிருந்து பிறந்தது, மே அந்த ஏப்ரலிலிருந்து பிறந்தது. இரண்டையும் மறுபடி ஓட்டவேண்டும். ஒரு தொழிலாளிக்காக முழுத் தோட்டத்தின் மூன்று மாதத்தையும் கிளறுவதைவிட 1,080ஐச் சேர்த்துவிடுவதே எனக்கும் நல்லதாகத் தெரிகிறது.

பாதியில் நின்ற வேலை

பெருங்கணினிக்காரர்கள் விடிகாலையில் அதிகம் பயப்படுவது இதற்கு.

மே மாதக் கணக்கை ஓட்டும் இரவு வேலையில் இரண்டு படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதற்படி (0)ஐப் படித்து (+1)ஐ உண்டாக்குகிறது. இரண்டாம் படி அந்த (+1)ஐப் படித்து அறிக்கை அச்சிடுகிறது. முதற்படி முடிந்ததும் புதிய கோப்பு பிறந்துவிட்டாலும், அந்த வேலை முடியும்வரை அதன் பெயர் (+1)ஆகவே இருக்கும். இல்லாவிட்டால் ஒரே வேலையின் நடுவில் எண்கள் காலடியில் நழுவிக்கொண்டே போகும். இதுவரை நல்ல ஏற்பாடு.

இரண்டாம் படி ஏதோ காரணத்தால் நின்றுவிடுகிறது. காலையில் ஒருவர் வந்து, வேலையை மறுபடி முதலிலிருந்து ஓட்டிவிடுகிறார். கணினிக்கு இது புதிய வேலை. புதிதாக எண்ணத் தொடங்குகிறது. நேற்றிரவு பிறந்த கோப்பு ஏற்கெனவே பதிவேட்டில் ஏறிவிட்டதால், இப்போது அதுதான் (0). மே மாதம் ஏற்கெனவே சேர்க்கப்பட்ட அந்தக் கோப்பின்மேல் மே மாதத்தை இன்னொருமுறை சேர்த்து (+1)ஐ உண்டாக்குகிறது. எல்லோருக்கும் மே மாதச் சேமலாபம் இரட்டிப்பு. தொழிலாளிகள் முறையிடமாட்டார்கள் என்பதால் தவறு வெளியே வரவும் நாளாகும்.

சரி, முதற்படியை விட்டுவிட்டு இரண்டாம் படியிலிருந்து மட்டும் ஓட்டினால்? கட்டளையில் (+1) என்றுதானே இருக்கிறது. அப்படியொரு கோப்பு இன்று இல்லை, நேற்றைய (+1) இன்று (0). வேலை உடனே நின்றுவிடும். இது எரிச்சல்தான், ஆனால் ஆபத்தில்லை. கட்டளையில் அந்த ஒரு இடத்தில் (+1)ஐ (0) என்று மாற்றி ஓட்டவேண்டும். சத்தம்போட்டு நிற்கும் தவறு எவ்வளவோ மேல்.

இரவு வேலைகளின் வரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த பெரிய உதாரணம் 2012 ஜூனில் பிரித்தானியாவில் நடந்தது. றோயல் பேங்க் ஒப் ஸ்கொட்லாந்து குழுமத்தில், இரவு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்து, அது சரிவராமல் பழையதற்குத் திரும்பப்போக, வரிசையே குழம்பியது. 65 இலட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014 நவம்பரில் இரண்டு கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து விதித்த தண்டப்பணம் 5 கோடியே 60 இலட்சம் பவுண். ஒவ்வோர் இரவும் முந்தின இரவின் தோளில் ஏறி நிற்பதால், ஓர் இரவு சரிந்தால் அடுத்தது நிற்க இடமில்லை.

திகதியை நம்பலாமா

பழைய கோப்புகளை அடையாளம் காணப் புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது உருவான திகதியை. பெரும்பாலான நாள்களில் அது சரியாகவே இருக்கும், ஆபத்தும் அதில்தான். மேலே சொன்ன இரண்டாம் வழியில் மார்ச்சை ஜூன் தொடக்கத்தில் மறுபடி ஓட்டினார்கள் என்றால், ஜி0043வி01இன் திகதி ஜூன். ஏப்ரல் கோப்பான ஜி0044இன் திகதியைவிட அது பிந்தியது. திகதிப்படி அடுக்கினால் மார்ச் ஏப்ரலுக்குப் பின்னால் நிற்கும். தலைமுறை எண்ணே உண்மையான வரிசை. திகதி அந்தக் கோப்பு எப்போது எழுதப்பட்டது என்பதை மட்டும் சொல்லும், அது எந்த மாதத்தினுடையது என்பதைச் சொல்லாது.

அதனால் முறையாகத் தேடுபவர், பதிவேட்டைக் கேட்டு அந்தக் குடும்பத்தின் எல்லா உறுப்பினரையும் நிலை எண்ணோடு பட்டியலிடுவார். கடைசியில் நிற்பதை (0) என்று வைத்து மேல்நோக்கி எண்ணுவார். எண்ணும்போது நடுவில் ஓர் எண் விடுபட்டிருக்கலாம்: ஜி0041, ஜி0042, ஜி0044. யாரோ ஜி0043ஐ அழித்திருக்கிறார்கள். அப்போது (-1) என்பது ஜி0042. சார்பு எண் இருப்பவர்களை மட்டும்தான் எண்ணும், வெற்றிடத்தை எண்ணாது. '0044 கழித்தல் 1' என்று மனக்கணக்குப் போடுபவர் இங்கே வழுக்குவார்.

எண் எதுவும் போடாமல் குடும்பப் பெயரை மட்டும் சொன்னால், கணினி எல்லாத் தலைமுறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துத் தரும். வழக்கத்தில் புதியது முதலில், பழையது கடைசியில். வருட முடிவில் பன்னிரண்டு மாத வரவுத்தாள்களையும் கூட்டுவதற்கு இது வசதி.

வரிசையிலிருந்து விழுந்தவை

எத்தனை தலைமுறை வைத்திருப்பது என்பதைக் குடும்பத்தைத் தொடங்கும்போதே சொல்லிவிடவேண்டும். நீண்ட காலம் உச்ச வரம்பு 255. பிற்காலத்து மென்பொருளில் அதை 999ஆக உயர்த்தினார்கள். வரம்பு 6 என்றால் ஏழாவது பிறந்ததும் ஆகப் பழையது வரிசையிலிருந்து விழும். வரம்பு நிறைந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக விழுத்தவும் ஒரு தெரிவு உண்டு. அதை யாராவது தெரியாமல் போட்டுவிட்டு ஏழாவது மாதம் தலையில் கைவைத்திருப்பதை ஊகிக்கலாம்.

விழுந்த கோப்பு அழிந்துவிட்டதா? அது இன்னொரு தெரிவைப் பொறுத்தது. விழும்போதே அழித்துவிடு என்று சொல்லியிருந்தால், தட்டிலுள்ள இடம் விடுவிக்கப்பட்டுவிடும். பதிவேட்டிலிருந்து மட்டும் எடு என்று சொல்லியிருந்தால், கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். (-6) என்று கூப்பிட்டால் வராது, ஏனென்றால் அது இப்போது குடும்பத்தில் இல்லை. ஆனால் அதன் முழு நிலை எண்ணும், எந்தச் சுருளில் அல்லது எந்தத் தட்டில் கிடக்கிறது என்பதும் தெரிந்தால் திறந்து படிக்கலாம். நாடா நூலகத்தின் பழைய பதிவுகளைத் தூசிதட்டுவது இதற்காகத்தான். நாற்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு ஓய்வுபெறும் ஒருவரின் கணக்கில் இருபது வருடத்துக்கு முந்திய குறை தெரிந்தால், அது எந்த வரம்புக்கும் வெளியே கிடக்கும் கோப்பு. வரம்பை எத்தனை என்று வைப்பது தொழில்நுட்பக் கேள்வியே அல்ல, ஒரு மனிதர் எத்தனை வருடம் கழித்து வந்து கேட்பார் என்ற கேள்வி. அதைக் கணினி அறையில் இருப்பவர் மட்டும் தீர்மானிக்க விடுவது சரியென்று நான் நினைக்கவில்லை.

9999க்கு அடுத்தது

நான்கு இலக்கத்தில் கடைசி எண் 9999. மாதக் கோப்புக்கு இது கவலையே இல்லை, எண்ணூறு வருடத்துக்கு மேல் போதும். தினக்கோப்புக்கு 27 வருடம் போதும். 1990களில் தொடங்கிய கோப்புகள் அந்த எல்லையைத் தொட்டிருக்கும். மணிக்கொரு கோப்பு என்றால் 416 நாளில் முடிந்துவிடும்.

முடிந்தபின் கணினி ஜி0001க்குத் திரும்புகிறது. ஒரு சுற்று முடிந்ததைப் பதிவேடு தனக்குள் குறித்துவைத்துக்கொள்வதால், 0001ஐ 9999க்குப் பின்னால் வந்ததாகவே நடத்தும். (0), (-1) எல்லாம் வழக்கம்போலச் சரியாக வேலை செய்யும். இரவு வேலைக்கு எதுவும் நடந்ததே தெரியாது. நிலை எண்ணை நேரடியாகப் பார்க்கும் மனிதருக்கும், எண்களை ஒப்பிட்டு எது புதியது என்று முடிவுசெய்யும்படி யாரோ எழுதிவைத்த சின்ன நிரலுக்கும்தான் சிக்கல். மணிக்கோப்பின் வரம்பு 24 என்று வைத்துக்கொள்வோம். ஜி0003 பிறந்த நேரத்தில் குடும்பத்தில் இருப்பவை ஜி9979இலிருந்து ஜி9999வரை 21, பிறகு ஜி0001, ஜி0002, ஜி0003. பெயர் வரிசைப்படி அடுக்கினால் ஆகப் புதிய மூன்றும் ஆகப் பழையவைபோல் மேலே போய் உட்காரும். ஜி9999 வரிசையிலிருந்து விழும்வரை, ஏறத்தாழ ஒரு நாள், அந்த நிரல் பழைய கணக்கையே புதிது என்று காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த நாள் தானாகச் சரியாகிவிடும், அடுத்த 416 நாள்வரை.